அபூர்வமான ஜெர்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி? 'சீகன்பால்க்' பெயரை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் அழைப்புமணிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்தான் இருக்கும். ம்யுல்லர், ஷ்மிட், ஃபிஷர் என்று கண் பழகிய பெயர்களுக்கு நடுவே திடீரென்று ஒன்று மட்டும் வேறு எங்கும் பார்த்திராததாக இருக்கும். இது எந்த ஊர்ப் பெயர், இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது நமக்குத் தெரிந்த ஒரு பெயர். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க், 'சீகன்பால்கு ஐயர்'. தமிழில் புதிய ஏற்பாட்டை 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்டவர் என்று நமக்கு அவரைத் தெரியும். ஆனால் சீகன்பால்க் என்பது அவருடைய குடும்பப் பெயர், ஜெர்மனியிலேயே அபூர்வமான பெயர். அதற்கு ஒரு அர்த்தமும் இருக்கிறது.

அர்த்தத்தைக் கடைசியில்தான் சொல்வேன். பெயர் தேடுகிற பெரும்பாலானவர்கள் முதலில் அகராதியைத் திறக்கிறார்கள், அங்கேயே வழி தவறிவிடுகிறார்கள். அபூர்வப் பெயருக்கு முதலில் ஓசை, பிறகு இடம், பிறகு எண்ணிக்கை, பிறகு பழைய ஏடு. அர்த்தம் எல்லாவற்றுக்கும் பின்னால் வரட்டும்.

முதல் படி: பெயரைக் காதால் எழுதுங்கள்

இன்று அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டல் புதியது. ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தது 1876 ஜனவரி 1-ல், பிரஷ்யாவில் மட்டும் 1874 அக்டோபரிலேயே. அதன் பிறகுதான் ஒரு குடும்பத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்பது நிலைத்தது. அதற்கு முன்னால் பாதிரியார் காதில் என்ன விழுந்ததோ அதுதான் ஏட்டில் ஏறியது. ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகள் மூன்று எழுத்துக்கூட்டலில் ஞானஸ்நானப் பதிவில் இருப்பது சாதாரணம்.

ஆகவே பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஜெர்மன் எழுத்தில் அது Ziegenbalg. முதல் எழுத்து இஸட், ஜெர்மனில் அதன் ஒலி 'ட்ஸ்'. நடுவில் ஐ-யும் ஈ-யும் சேர்ந்து வந்தால் 'ஈ' என்று நீளும். கடைசியில் இருப்பது ஜி. ஆனால் ஜெர்மனில் சொல்லின் கடைசியில் வரும் ஜி அழுத்தி ஒலிக்காது, 'க்' என்று முடியும். 'ட்ஸீகன்பால்க்'. நம் முன்னோர் 'சீகன்பால்கு' என்று எழுதியதைத் திரிபு என்று நினைக்க வேண்டாம். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சீகன்பால்க் பிறந்த கிழக்கு ஜெர்மன் பகுதியான சாக்சனியில் அந்தக் காலத்து எழுத்தரும் அதையேதான் செய்தார். சாக்சனி வட்டாரப் பேச்சில் B-க்கும் P-க்கும் வித்தியாசம் மங்கிவிடும். G-யும் K-யும், D-யும் T-யும் அப்படியே. அதனால் கடைசி எழுத்து ஜி, கே, சி-கே, சி-ஹெச் என எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இத்தனை வடிவங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. 1969-ல் ஹான்ஸ் யோஆகிம் போஸ்டல் என்பவர் ஜெர்மன் ஒலிகளுக்கென்றே ஒரு எண் முறையை உருவாக்கினார். 'கொலோன் ஒலிமுறை' என்று பெயர். வம்சாவளித் தேடல் தளங்களில் 'ஒலியால் தேடு' என்ற வசதி இருந்தால் உள்ளே இதுவோ இது மாதிரி ஒன்றோ ஓடிக்கொண்டிருக்கும். உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு, மெய்களுக்கு எண் கொடுக்க வேண்டும். நம் பெயருக்குப் போட்டுப் பார்ப்போம்: இஸட் 8, ஜி 4, என் 6, பி 1, எல் 5, கடைசி ஜி 4. ஆக 846154. இப்போது கடைசியில் கே போடுங்கள், அதே 846154. சி-கே போட்டாலும் அதேதான், ஏனென்றால் அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணை ஒன்றாகச் சுருக்கிவிட வேண்டும். முதல் எழுத்தை எஸ் என்று யாராவது எழுதிவைத்திருந்தால்கூட எஸ்ஸுக்கும் 8-தான். வலை வீசினால் எல்லாம் ஒரே வலையில் வந்து விழும்.

சரி, இது காதுப் பிழைக்கு மட்டும்தான் உதவும். கண் பிழை என்று இன்னொன்று இருக்கிறது, ஐந்தாம் படியில் அதற்கு வருகிறேன்.

இரண்டாம் படி: வரைபடத்தைத் திறங்கள்

ஜெர்மன் பெயராய்வுக்கு அதிர்ஷ்டவசமாக ஒரு பொக்கிஷம் கிடைத்திருக்கிறது: 2005-ஆம் ஆண்டு டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் தரைவழித் தொலைபேசிப் பட்டியல். சுமார் 2.8 கோடி தனியார் இணைப்புகள், அவற்றில் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கைபேசிக்கு மாறிவிட்டார்கள், பட்டியலில் பெயர் போடுவதையும் நிறுத்திக்கொண்டார்கள். அதனால் பெயராய்வாளர்கள் இன்றும் 2005-ஐயே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் குடும்பப் பெயர்களின் பெரிய நிலவரைபடத் தொகுப்பும், மைன்ஸ் நகரை மையமாக வைத்து நடக்கும் இணையக் குடும்பப் பெயர் அகராதியும் இந்தப் பட்டியலின் மேல் எழுந்தவையே. அந்த இணைய அகராதி இலவசம். ஜெர்மன் எழுத்தில் பெயரைக் கொடுத்தால், பதிவு இருக்கும் பெயர்களுக்கு எண்ணிக்கையும் பரவல் படமும் வரும்.

படத்தைப் பார்த்ததும் எல்லோரும் செய்யும் தவறு, பெர்லினையும் ஹாம்பர்க்கையும் மியூனிக்கையும் சுட்டிக்காட்டி "அட, இங்கேதான் நிறைய இருக்கிறார்கள்" என்பது. பெரிய நகரத்தில் எந்தப் பெயரும் கொஞ்சம் இருக்கும். ஒரு கணக்கு, உதாரணத்துக்கு மட்டும்: 34 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 20 இணைப்புகள், 1.5 லட்சம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தில் 15 இணைப்புகள் என்று வையுங்கள். லட்சத்துக்கு எத்தனை என்று வகுத்தால் நகரத்தில் 0.6, மாவட்டத்தில் 10. பெயரின் தாய்வீடு அந்த மாவட்டம்தான். படத்தில் எண்ணிக்கை, விகிதம் என்று இரண்டு காட்சிகள் இருந்தால் விகிதத்தையே பாருங்கள்.

நம் பெயருக்கு ஒரு கூடுதல் குறிப்பு கையிலேயே இருக்கிறது. பார்த்தலோமேயு 1682-ல் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, மேல் லவுசிட்ஸ் பகுதியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சிற்றூர். இன்றைக்கு அந்த ஊர் 'பெஃபர்கூகன்' என்ற மசாலா கேக்குக்குப் பேர்போனது. அவருடைய தகப்பனார் அங்கே தானிய வியாபாரி. ஆகவே கிழக்குச் சாக்சனியில் கண் வைத்துத் தேடலாம். பழைய படங்களில் அந்த ஊரை 'காமென்ஸ்' மாவட்டத்தில் தேட வேண்டும். 2008-ல்தான் எல்லைகளை மாற்றி பவுட்சன் மாவட்டத்தோடு சேர்த்தார்கள். 2005 படத்தையும் இன்றைய வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பொருந்தாது.

உலகம் முழுவதற்கும் எண்ணிக்கை தருவதாகச் சொல்லும் தளங்களை நம்புவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். தமிழ் லுத்தரன் குடும்பங்களில் மிஷனரிகளின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் ஒருவரின் சொந்தப் பெயராக இருக்கும் 'ஸ்வார்ட்ஸ்', இனிஷியல் முறை தெரியாத கணினியின் கண்ணுக்குக் குடும்பப் பெயராகத் தெரியும். இந்தியாவில் இத்தனை பேர் என்று ஒரு எண் வந்தால் அதில் ஜெர்மன் ரத்தத்தைத் தேடாதீர்கள்.

மூன்றாம் படி: எத்தனை பேர்?

2005-ல் ஜெர்மனியின் மக்கள்தொகை சுமார் 8.2 கோடி. 2.8 கோடி இணைப்புகளால் வகுத்தால் ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 2.9 பேர். பட்டியலில் கிடைத்த எண்ணை இதனால் பெருக்குங்கள். ம்யுல்லர் என்ற பெயருக்கு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல் இணைப்புகள் இருந்தன, அதாவது ஏழு லட்சம் பேருக்கு மேல். ஜெர்மனியில் முதலிடம் அதற்குத்தான்.

அபூர்வப் பெயரில் இந்தப் பெருக்கல் கொஞ்சம் ஏமாற்றும். எண்ணிக்கை 5, 8 என்று இருந்தால் 2.9-ஆல் பெருக்கி "23 பேர்" என்று எழுதுவது நகைப்புக்குரியது. ஒரு தாத்தா-பாட்டி தனியாக இருக்கும் வீடும் ஓர் இணைப்பு, ஐந்து பிள்ளைகள் உள்ள வீடும் ஓர் இணைப்பு. இணைப்புகள் பத்துக்குக் கீழே போனால் "இருபது முப்பது பேர் இருக்கலாம்" என்று சொல்லி நிறுத்துவதே நேர்மை. ஒரே ஓர் இணைப்பு மட்டும் உள்ள பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏராளம். அவற்றில் பலவற்றை அபூர்வப் பெயர் என்றே சொல்ல முடியாது, தட்டச்சுப் பிழை அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

பெயர் ஏன் குறைகிறது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1900-ல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டப்படி மனைவி கணவன் பெயரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த வீட்டில் பெயர் அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். 1976-ல்தான் மனைவியின் பெயரைக் குடும்பப் பெயராக வைக்கலாம் என்று வந்தது. 1994-லிருந்து இருவரும் அவரவர் பெயரை வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் தம்பதிகளும் பிள்ளைகளும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ள வழி திறந்திருக்கிறது. அபூர்வப் பெயர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி என்பது என் எண்ணம். அழிவை இது தடுக்காது, தள்ளிப்போடும்.

நான்காம் படி: நூறு வருடம் பின்னால் போங்கள்

2005 படம் பொய் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அன்று ஜெர்மானியர் வாழ்ந்த கிழக்குப் பகுதிகளான சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா, சூடேட்டன் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வெளியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். பெர்லின் சுவர் எழுந்த 1961 வரை கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே போனவர்கள் இன்னும் லட்சக்கணக்கில். ஒரு சிலேசியப் பெயர் இன்று மேற்கே வெஸ்ட்ஃபாலியா பக்கத்து ரூர் தொழிற்பகுதியில் குவிந்திருக்கும். அதை வைத்து 'இது வெஸ்ட்ஃபாலியப் பெயர்' என்று முடிவு கட்டினால் போச்சு.

இதற்கு மருந்து முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர், சிறைபட்டவர் எல்லோரையும் அரசே அச்சிட்டு வெளியிட்டது. சுமார் 31,000 பக்கங்கள். ஜெர்மனியின் கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றை வரி வரியாகத் தட்டச்சு செய்து 2014-ல் முடித்தார்கள். 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பெயரோடு பெரும்பாலும் ஊரும் இருக்கும். அந்த ஊர்களை ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். அபூர்வப் பெயராக இருந்தால் பத்து இருபது புள்ளிகளிலேயே ஒரு கூட்டம் தெரிந்துவிடும். கூட்டம் நடுவில் எந்தச் சர்ச் இருக்கிறதோ அதுதான் அடுத்த நிறுத்தம்.

எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி இதுதான். பட்டியல் சோகமானது, ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மனி கிராமம் கிராமமாக அதில் இருக்கிறது.

ஐந்தாம் படி: சர்ச் ஏடுகள்

1876-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதிய சர்ச் ஏடுகள்தான் கதி. புராட்டஸ்டன்ட் ஏடுகளில் பெரும்பகுதி 'ஆர்கியோன்' என்ற கட்டணத் தளத்தில் படமாக இருக்கிறது, கத்தோலிக்க ஏடுகள் பல 'மட்ரிக்குலா' தளத்தில் இலவசம். பல ஊர்களில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஏடுகள் எரிந்துபோயின, அதற்கு முன் எட்டினால் பாக்கியம். சாக்சனியில் இன்னொரு வழியும் இருக்கிறது: நிலம் கைமாறியது, கடன், பாகப்பிரிவினை எல்லாம் எழுதிய உள்ளூர் நீதிமன்ற ஏடுகள். சில ஊர்களில் இவை சர்ச் ஏட்டைவிடப் பழையவை.

அரசுப் பதிவேடுகளைக் கேட்கும்போது காலக்கெடு நினைவிருக்கட்டும். பிறப்புக்கு 110 ஆண்டு, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30. அதற்குள் இருப்பவை அந்த நபர், துணைவர், முன்னோர், நேரடி வாரிசுகளுக்கும், சட்டப்படி தேவை இருப்பதைக் காட்டுபவர்களுக்கும்தான். கெடு தாண்டியவை ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் பார்க்கலாம்.

இப்போது கண் பிழை. பழைய ஏடுகள் 'குரென்ட்' என்ற சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். அதில் ஈ-யும் என்-னும் ஏறக்குறைய ஒரே மாதிரி, இரண்டும் இரண்டு சாய்கோடுகள். நம் பெயரின் நடுவில் ஈ, ஜி, ஈ, என் என்று வருகிறது பாருங்கள், அச்சு அசலாகக் குழப்பம் விளையும் இடம். முதல் ஈ-யை என் என்று ஒருவர் படித்து அட்டவணையில் ஏற்றிவிட்டால் 'ட்ஸிங்கன்பால்க்' ஆகிவிடும். அதன் ஒலி எண் 8646154, நம்முடைய 846154 இல்லை. கொலோன் முறை இதைப் பிடிக்காது. ஆகவே அட்டவணையில் காணோம் என்றால் பெயரை நீங்களே குரென்ட்டில் ஒருமுறை எழுதி, வேறு எப்படியெல்லாம் படிக்கலாம் என்று பாருங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அரைமணி நேரத்தில் பலன் தெரியும்.

இன்னொரு பொறி: 18-ஆம் நூற்றாண்டு வரை பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்ப்பார்கள். கவிஞர் அன்னா லூயிசா கார்ஷை ஊரே 'கார்ஷின்' என்றுதான் சொன்னது. அதே வழக்கப்படி சீகன்பால்க் வீட்டுப் பெண் ஏட்டில் 'சீகன்பால்கின்' ஆவாள். அதைத் தனிப் பெயர் என்று எண்ணிவிட்டால் பாதிக் குடும்பத்தைத் தொலைத்துவிடுவீர்கள்.

ஏடு ஊரைவிட்டு வெளியே போகும் தடத்தையும் காட்டும். பார்த்தலோமேயுவின் மகன் எர்ன்ஸ்ட் காட்லீப் தரங்கம்பாடியில் பிறந்து கோபன்ஹேகனில் கணித அறிஞராக வாழ்ந்தவர். டென்மார்க் நூலகத்தில் இந்தப் பெயரைப் பார்த்து டேனிஷ் வேர் தேடினால் சுற்றிவளைத்துக் கடைசியில் மறுபடி புல்ஸ்னிட்ஸுக்குத்தான் வருவீர்கள்.

ஆறாம் படி: இப்போது அகராதி

இடம் தெரிந்த பிறகு அர்த்தம் தேடினால்தான் அகராதி ஒழுங்காகப் பேசும். லவுசிட்ஸில் இருக்கும் எல்லாப் பெயரும் ஜெர்மன் அல்ல. அங்கே சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மக்கள் இருக்கிறார்கள். 'நோவாக்' பார்க்க ஜெர்மன் மாதிரி இருக்கும், ஆனால் சோர்பிய மொழியில் 'புதிதாக வந்தவன்'. நம் பெயருக்கு அந்தச் சந்தேகம் இல்லை, இரண்டு துண்டும் சுத்த ஜெர்மன்.

முதல் துண்டு 'ட்ஸீக', ஆடு, அதாவது வெள்ளாடு. நான் முதன்முதலில் இந்த வழியில் இறங்கியபோது 'ட்ஸீக்லர்' என்ற பிரபலமான பெயரையும் ஆட்டு மந்தையில் சேர்த்துவிட்டேன். அது 'ட்ஸீகல்', செங்கல். ட்ஸீக்லர் செங்கல் சூளைக்காரர். ஓர் 'எல்' எழுத்து போதும், ஆடு செங்கல்லாகிவிடும்.

இந்த ஆட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. தெற்கு, தென்மேற்கு ஜெர்மனியில் வெள்ளாட்டை 'கைஸ்' என்பார்கள். 'ட்ஸீக' ஆதியில் கிழக்கு-நடு ஜெர்மன் சொல், சாக்சனி, துரிங்கியா பக்கத்துப் பேச்சு. அந்த வட்டாரத்து ஜெர்மனில் மார்ட்டின் லூதர் வேதாகமத்தை மொழிபெயர்த்த பிறகே அது நாடெங்கும் பரவியது. குடும்பப் பெயர்கள் உறைந்ததோ அதற்கு முன்னால், ஏறக்குறைய 12 முதல் 15-ஆம் நூற்றாண்டுக்குள். ஆக, பெயருக்குள்ளேயே ஊர் முத்திரை இருக்கிறது. இதே பெயர் தென்மேற்கிலுள்ள ஸ்வாபியாவில் உருவாகியிருந்தால் 'கைஸ்' என்றுதான் தொடங்கியிருக்கும். அகராதி தருவது ஆடு என்ற அர்த்தத்தை. வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது எந்த ஊர் ஆடு என்று தெரியும்.

இரண்டாவது துண்டு 'பால்க்'. விலங்கின் தோல், அதிலும் வயிற்றைக் கிழித்து விரிக்காமல் பை மாதிரி உரித்தெடுத்த தோல். ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்றும் நரி, முயல் தோலைத்தான் பால்க் என்பார்கள். மானுக்கு வேறு சொல், காட்டுப்பன்றிக்கு வேறு சொல். அடங்காத பிள்ளையைத் திட்டவும் இன்று இதே சொல் பயன்படுகிறது, அந்த அர்த்தத்தை இங்கே நுழைக்கத் தேவையில்லை. உலையில் காற்று ஊதும் துருத்திக்கு ஜெர்மனில் 'பிளாஸபால்க்', ஊதும் தோல். நம் ஊர்க் கொல்லன் பட்டறைத் துருத்தியும் ஆட்டுத்தோலில் செய்ததுதானே. பொருள் பிடிபட அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆட்டுத்தோலை ஒருவருக்கு எப்படிப் பெயராக வைத்தார்கள்? இரண்டு வழி உண்டு. தோலைப் பதப்படுத்தியோ விற்றோ பிழைத்தவரை அந்தப் பொருளின் பெயராலேயே கூப்பிட்டிருக்கலாம், தொழிலைச் சொல்லாமல் தொழில் புரியும் பொருளைச் சொல்லும் வகை. அல்லது அது பட்டப்பெயர், ஆட்டுத்தோல் உடுப்பிலேயே திரிந்தவர். ட்ஸீகன்பைன் என்றால் ஆட்டுக்கால், ட்ஸீகன்பார்ட் என்றால் ஆட்டுத்தாடி. இந்த வரிசையைப் பார்த்தால் பட்டப்பெயர் பக்கமும் கனம் இருக்கிறது. எனக்குத் தொழில் பக்கம்தான் சாய்வு, தாடி ஒருவர் முகத்தில் தெரியும், தோல் கையில்தான் இருக்கும். இரண்டையும் எழுதிவையுங்கள். 14-ஆம் நூற்றாண்டுப் பதிவு ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் எழுதியிருந்தால் தவிர இதை முடிக்க முடியாது.

தமிழில் நேராகச் சொன்னால் சீகன்பால்கு ஐயர், 'ஆட்டுத்தோலார்'. தரங்கம்பாடியில் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் அவருக்குச் சட்டென்று புரிந்திருக்கும். கப்பலிலிருந்து இறங்கிய இரண்டே வருடத்தில், 1708-ல், தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டவர்.